வெலோடிரோமில் ஓட்ட எல்லை தாண்டிப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சைக்கிள் பந்தயத்துக்கென்றே மரத்திலோ சிமென்ட்டிலோ கட்டிய, வளைவுகளில் சுவர் மாதிரி சாய்ந்து நிற்கிற டிராக்குக்குத்தான் வெலோடிரோம் என்று பெயர். எல்லா நாட்டிலும் இது கிடையாது, இருக்கிற நாட்டிலும் நம் வீட்டுப் பக்கத்தில் இருப்பதில்லை, அதனால் பலருக்குப் பக்கத்திலிருக்கும் டிராக் அடுத்த நாட்டில்தான் இருக்கிறது. இதற்காக மட்டுமே நான் ஐந்தாறு தடவை எல்லை தாண்டிப் போய் வந்திருக்கிறேன். முதல் தடவை போகும் முன்பு எனக்கு இருந்த சந்தேகங்களையும், போய் வந்த பிறகு மற்றவர்கள் என்னிடம் கேட்டதையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். எங்கே ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்களோ அங்கே நீட்டி எழுதியிருக்கிறேன், மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டேன்.

ஒரு மணி நேரம் ஓட்டுவதற்காக நாடு விட்டு நாடு போவது அதிகமாகத் தெரியவில்லையா?

இல்லை. இந்த விளையாட்டின் பெரிய ஆட்களே ஒரு மணி நேரத்துக்காக அப்படிப் போயிருக்கிறார்கள். ஒரு மணி நேரத்தில் அதிகபட்சம் எவ்வளவு தூரம் ஓட்ட முடியும் என்ற சாதனைக்காக பெல்ஜியத்தின் எடி மெர்க்ஸ் 1972 அக்டோபரில் மெக்சிகோ சிட்டிக்குப் போனார். கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல் உள்ள ஊர், அங்கே காற்று லேசு, எதிர்க்காற்றின் தடை குறையும், 49.431 கிலோமீட்டர் ஓட்டினார். இத்தாலியின் ஃபிலிப்போ கன்னா 2022 அக்டோபரில் 56.792 கிலோமீட்டர் ஓட்டியது சுவிட்சர்லாந்தின் கிரென்ஷென் டிராக்கில். அதே இத்தாலியின் விட்டோரியா புஸ்ஸி 2023இல் 50 கிலோமீட்டரைத் தாண்டிய முதல் பெண் ஆனது மெக்சிகோவின் அகுவாஸ்காலியென்டெஸில்.

நமக்குக் காரணம் இதைவிடச் சாதாரணமானது: தூரம். அமெரிக்காவின் பஃபலோ பக்கம் இருப்பவர் கூரை போட்ட 250 மீட்டர் மர டிராக்கில் ஓட்ட வேண்டுமென்றால், கலிஃபோர்னியா வரை பறப்பதைவிட பாலத்தைத் தாண்டிக் கனடாவின் மில்டனுக்குக் காரில் போவது சுலபம். சிங்கப்பூரில் இருப்பவருக்கு மலேசியாவின் நீலாய் காரிலேயே போய்விடக்கூடிய தூரம். வரைபடத்தில் ஒரு கோடு குறுக்கே கிடக்கிறது, அவ்வளவுதான்.

போன உடனே காசு கட்டி ஓட்ட விடுவார்களா?

விட மாட்டார்கள். இது தெரியாமல் போய் வெளியே உட்கார்ந்து பார்த்துவிட்டுத் திரும்பியவர்களை எனக்குத் தெரியும். நீச்சல் குளம் மாதிரி நினைத்துப் போகக் கூடாது. பிரேக்கே இல்லாத சைக்கிளில் பத்துப் பதினைந்து பேர் ஒரே நேரத்தில் சுற்றுகிற இடம், ஒருவர் தடுமாறினால் பின்னால் வருகிறவர்களும் சேர்ந்து விழுவார்கள். அதனால் கிட்டத்தட்ட எல்லா வெலோடிரோமிலும் முதலில் அறிமுக வகுப்பு, அப்புறம் படிப்படியாகத் தேர்ச்சி, அதற்கப்புறம்தான் பொது செஷன் என்று ஒழுங்கு வைத்திருக்கிறார்கள். லண்டனில் 2012 ஒலிம்பிக்குக்குக் கட்டிய டிராக்கில் இது நான்கு கட்டமாக நடக்கிறது. முதல் தடவை போகிறவர் அறிமுக வகுப்பை முன்பதிவு செய்துகொண்டு போனால் போதும், சைக்கிளும் ஹெல்மெட்டும் பெரும்பாலும் அந்தக் கட்டணத்துக்குள்ளேயே வந்துவிடும்.

இன்னொன்று, டிராக் திறந்திருக்கிறதா என்பதை அவர்களுடைய நாட்காட்டியில் பாருங்கள். தேசிய அணிப் பயிற்சி, பந்தயம், மரத்தளம் செப்பனிடும் வேலை என்று வாரக்கணக்கில் பொதுமக்களுக்கு மூடி வைப்பார்கள். விமான டிக்கெட் எடுத்த பிறகு இதைப் பார்ப்பவர்கள் நிறையப் பேர்.

எங்கள் நாட்டில் வாங்கிய தேர்ச்சி அங்கே செல்லுமா?

தானாகச் செல்லாது, ஆனால் கேட்டால் பெரும்பாலும் ஏதாவது வழி செய்வார்கள். ஒவ்வொரு வெலோடிரோமும் தன் தேர்ச்சியைத் தானே கொடுக்கிறது, உலகம் முழுக்கச் செல்லுகிற ஓட்டுநர் உரிமம் மாதிரி ஒன்று இதில் கிடையாது. அதனால் குறைந்தது மூன்று வாரம் முன்பே மின்னஞ்சல் எழுதுங்கள். நான் எழுதுவது ஐந்தாறு வரிதான்: எந்த டிராக்கில் ஓட்டியிருக்கிறேன், அதன் நீளம் எவ்வளவு, மரமா சிமென்ட்டா, எத்தனை தடவை, கூட்டத்தோடு ஓட்டியிருக்கிறேனா தனியாகவா, கடைசியாக ஓட்டியது எப்போது. கூடவே என்னைப் பழக்கிய கோச்சிடமிருந்து ஒரு கடிதம். அதைப் பார்த்துவிட்டுச் சில இடங்களில் நேராகவே சேர்த்துக்கொண்டார்கள், சில இடங்களில் செஷன் தொடங்கும் முன் கால் மணி நேரம் தனியாகச் சுற்றவிட்டுப் பார்த்த பிறகு சேர்த்தார்கள். கூட்டி எழுதாதீர்கள். முதல் இரண்டு சுற்றிலேயே அவர்களுக்குத் தெரிந்துவிடும், அதற்கப்புறம் அந்தப் பயணம் வீண்.

குறிப்பாக டிராக்கின் நீளத்தை எழுதுங்கள். சர்வதேச சைக்கிள் சம்மேளனமான யூசிஐ 133 மீட்டரிலிருந்து 500 மீட்டர் வரையுள்ள டிராக்குகளை ஏற்கிறது, ஒலிம்பிக்குக்கு 250 மீட்டர். திறந்தவெளியில் 400 மீட்டர் சிமென்ட் டிராக்கில் பல வருடம் ஓட்டியவருக்குக்கூட 250 மீட்டர் மர டிராக்கின் வளைவு புதுசு. பெல்ஜியத்தின் கென்ட் ஊரில் இருக்கும் டிராக் 166 மீட்டர்தான், அங்கே நேர்ப்பாதையில் மூச்சு விடுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும்.

விசா எந்த வகை?

பொழுதுபோக்குக்காக ஓட்டிவிட்டு வருவதற்குச் சாதாரண சுற்றுலா விசாவே பொதுவாகப் போதும். எதற்கு வருகிறீர்கள் என்று கேட்டால் மழுப்பாமல், சைக்கிள் டிராக்கில் ஓட்ட வந்திருக்கிறேன் என்று முன்பதிவுத் தாளைக் காட்டுங்கள். அச்செடுத்து வைத்துக்கொள்வது நல்லது, எல்லையில் போன் சிக்னல் கிடைக்காமல் தவித்திருக்கிறேன். பரிசுப் பணம் உள்ள பந்தயம், சம்பளத்துக்குப் பயிற்சி கொடுப்பது, இதெல்லாம் வேறு கதை, அதற்கு அந்த நாட்டின் தூதரகத்தில் கேட்க வேண்டும்.

அடிக்கடி நடக்கிற தவறு ஒன்று இருக்கிறது. ஒரு நாட்டில் தங்கிக்கொண்டு பக்கத்து நாட்டு டிராக்குக்குப் போய் அன்றே திரும்ப நினைப்பவர், கையிலிருப்பது ஒருமுறை நுழையும் விசாவா பலமுறை நுழையும் விசாவா என்று பார்ப்பதில்லை. வெளியே போய்விடலாம், திரும்ப உள்ளே வர முடியாது. ஐரோப்பாவின் ஷெங்கன் பகுதிக்குள் இந்தச் சிக்கல் இல்லை, ஆனால் அங்கேயும் குறுகிய காலம் தங்குபவர்களுக்கு 180 நாளில் 90 நாள் என்ற கணக்கு உண்டு.

சொந்த சைக்கிளை எடுத்துப் போகலாமா, அங்கேயே வாடகைக்கு எடுக்கலாமா?

முதல் பயணத்துக்கு வாடகை. இதில் எனக்கு இரண்டாம் எண்ணமே இல்லை. சொந்த சைக்கிள் என்றால் பெட்டி, விமானக் கட்டணம், சுங்கம், போய்ச் சேர்ந்ததும் பாகங்களை மறுபடி பூட்டுகிற வேலை, ஏதாவது வளைந்திருந்தால் அதைச் சரிசெய்யக் கடை தேடுவது என்று மனது முழுக்க அதிலேயே போய்விடும், ஓட்டுவதற்கு வந்தோம் என்பதே மறந்துவிடும். இரண்டாம், மூன்றாம் பயணத்தில், உட்காரும் உயரமும் ஹேண்டில்பாரின் நீளமும் உங்களுக்குத் தெளிவான பிறகு எடுத்துப் போங்கள்.

ரோட்டில் ஓட்டும் சைக்கிளையோ, பிரேக் வைத்த ஃபிக்ஸட் சைக்கிளையோ (பின்சக்கரம் சுற்றும்வரை பெடலும் சேர்ந்து சுற்றிக்கொண்டே இருக்கிற வகை) கொண்டுபோய்ப் பிரேக்கைக் கழற்றிவிட்டு ஓட்டலாமா என்றும் கேட்கிறார்கள். தெருவில் ஓட்டும் ஃபிக்ஸட் சைக்கிளில் பெடல் அச்சு தாழ்வாக இருக்கும், சரிந்த வளைவில் மெதுவாகப் போகும்போது பெடல் மரத்தில் இடித்தால் அடுத்த நொடி கீழே கிடப்பீர்கள். டிராக் சைக்கிளில் அதற்காகவே அச்சை உயர்த்தி வைத்திருக்கிறார்கள். அதனால் தெரு சைக்கிளை அனுமதிக்காத டிராக்குகள்தான் அதிகம்.

அப்படியானால் கையில் என்ன கொண்டுபோக வேண்டும்?

பெடலும் ஷூவும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. நான் ஒருமுறை எனக்குப் பழகிய கிளீட் (பெடலில் மாட்டிக்கொள்கிற கொக்கி) அடியில் பொருத்திய ஷூவை மட்டும் கொண்டு போனேன், அங்கே வாடகை சைக்கிள் எல்லாவற்றிலும் வேறு வகைப் பெடல். கோச் ஒரு ஜோடி பழைய ஷூவைக் கொடுத்தார், அரை அளவு பெரியது, முதல் நாள் முழுக்கக் குதிகால் தூக்கிக்கொண்டே இருந்தது, காலை விட்டுப் பெடலில் கவனம் போகவே இல்லை. இப்போதெல்லாம் பெடலையும் ஷூவையும் ஒரே பையில் போட்டு, அதை விமான நிறுவனத்திடம் ஒப்படைக்கிற பெட்டியில் வைத்துவிடுகிறேன், கூடவே 15 மில்லிமீட்டர் ஸ்பேனரும். ஸ்பேனரைக் கைப்பையில் வைக்காதீர்கள், பாதுகாப்புச் சோதனையில் பிடுங்கிக்கொள்வார்கள்.

விரல் மூடிய கையுறை கட்டாயம் என்று சில இடங்களில் சொல்வார்கள், சொல்லாவிட்டாலும் போடுங்கள், விழும்போது முதலில் தரையில் படுவது உள்ளங்கை. மெல்லிய உடை போதும். கூரை போட்ட வெலோடிரோம்களை, முக்கியமாகப் பந்தய நாளில், வேண்டுமென்றே வெப்பமாக வைப்பார்கள், வெப்பக் காற்று லேசு, வேகம் கூடும். வெளியே எவ்வளவு குளிர் இருந்தாலும் உள்ளே பத்து நிமிடத்தில் வியர்த்துக் கொட்டும். தண்ணீர் பாட்டிலை டிராக்குக்குள் கொண்டு போக விட மாட்டார்கள், ஒரு சொட்டு மரத்தில் விழுந்தால் வழுக்கும். நடுமைதானத்தில் உங்கள் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம்.

சொந்த சைக்கிளைக் கொண்டுபோனால் சுங்கத்தில் வரி கேட்பார்களா?

சொந்த உபயோகத்துக்குக் கொண்டுபோய்த் திரும்ப எடுத்து வருகிற சைக்கிளுக்கு வரி கேட்பது அபூர்வம். சிக்கல் வருவது திரும்பி வரும்போது, நம் சொந்த நாட்டுச் சுங்கத்தில்தான். பளபளவென்று ஒரு கார்பன் சைக்கிளைப் பெட்டியில் பார்த்தால், வெளிநாட்டில் வாங்கி வருகிறீர்களா என்ற கேள்வி வரத்தான் செய்யும். எனக்கு வந்தது. அந்த அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொன்னார், தேய்ந்த டயரையும் செயினில் ஒட்டியிருந்த கறுப்பையும் பார்த்தார், ஆனாலும் பில் இருக்கிறதா என்றுதான் கேட்டார். போனில் பில்லின் படமும், சைக்கிள் ஃபிரேமின் அடியில் பொறித்த வரிசை எண்ணின் படமும் இருந்ததால் இரண்டு நிமிடத்தில் முடிந்தது.

இதைவிட நல்ல வழி, கிளம்பும்போதே பதிவு செய்துகொள்வது. இந்தியாவில் புறப்படும் விமான நிலையச் சுங்கத்தில் ஏற்றுமதிச் சான்று என்று ஒன்று தருவார்கள், அமெரிக்காவில் 4457 என்ற படிவம், கனடாவிலும் இதேபோல் ஓர் அட்டை உண்டு. வரிசை எண்ணை எழுதி முத்திரை வைத்துக் கொடுப்பார்கள், திரும்பும்போது காட்டினால் போதும். ஆனால் பெட்டியை விமான நிறுவனத்திடம் கொடுப்பதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும், பொருளை நேரில் பார்க்காமல் முத்திரை வைக்க மாட்டார்கள்.

விமானத்தில் கொண்டுபோக சைக்கிளைப் பெட்டியில் எப்படிக் கட்டுவது?

கியர் மாற்றும் கருவி, பிரேக் கேபிள் எதுவும் இல்லாததால் டிராக் சைக்கிளைக் கட்டுவது ரோட் சைக்கிளைவிடச் சுலபம். டயரில் பாதிக் காற்றை இறக்குங்கள். பெடல், சக்கரங்கள், ஹேண்டில்பார் கழற்றுங்கள், முன்னும் பின்னும் சக்கரம் மாட்டுகிற இடத்தில் பிளாஸ்டிக் தடுப்புக் கொடுங்கள், இல்லையென்றால் அமுங்கி வளைந்துவிடும். எடை வரம்பு 23 கிலோவா 32 கிலோவா என்பதை விமான நிறுவனத்திடம் முன்பே கேளுங்கள். காற்றடிக்கும் கேஸ் குப்பிகளை வீட்டிலேயே விட்டுவிடுங்கள், டிராக்கில் பம்ப் இருக்கும்.

போய்ப் பாகங்களைப் பூட்டியதும் செயினை விரலால் மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள், ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் ஆடினால் சரி. ஃபிக்ஸட் கியரில் செயின் கழன்றால் பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளலாம். பின்சக்கர நட்டை இரண்டு பக்கமும் இறுக்கிவிட்டு, ஒரு தடவை அங்கிருக்கும் மெக்கானிக்கிடமும் காட்டிவிடுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

காரில் போனால்?

வாடகைக் கார் என்றால் எல்லை தாண்ட அந்த நிறுவனத்தின் எழுத்து அனுமதி வேண்டும், காரின் இன்சூரன்ஸ் அந்த நாட்டில் செல்லுமா என்றும் பார்க்க வேண்டும். இது இரண்டும் சரியாக இருந்தால் மீதியெல்லாம் நேரக் கணக்குத்தான். தரை எல்லையில் வெள்ளிக்கிழமை மாலையும் ஞாயிறு மாலையும் விடுமுறைக்கு முந்தின நாளும் கூட்டம் எப்படி இருக்கும் என்று சொல்லவே முடியாது. என் இரண்டாவது பயணத்தில் வரிசையில் மூன்று மணி நேரம் நின்றேன், செஷன் தொடங்கி இருபது நிமிடம் கழித்துப் போய்ச் சேர்ந்தேன், பாதியில் யாரையும் டிராக்கில் ஏற்ற மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் செய்தது சரிதான், சூடேறிச் சுற்றிக்கொண்டிருக்கும் கூட்டத்தில் புதிதாக ஒருவரை நுழைக்க முடியாது. அன்றிலிருந்து முந்தின நாளே எல்லை தாண்டிவிடுகிறேன்.

கடிகாரத்தையும் பாருங்கள். ஸ்பெயினிலிருந்து போர்ச்சுகலின் சங்கால்யோஸ் வெலோடிரோமுக்குப் போனால் நடுவில் ஒரு மணி நேரம் மாறும். அந்தப் பக்கம் போகும்போது ஒரு மணி நேரம் லாபம், எதிர்ப்பக்கம் வருகிறவருக்கு நட்டம்.

அந்தச் சரிவில் வழுக்கி விழுந்துவிட மாட்டேனா?

எல்லாருக்கும் இதுதான் முதல் பயம், அதனால் கொஞ்சம் கணக்கோடு சொல்கிறேன். 250 மீட்டர் டிராக்கில் வளைவின் சரிவு ஏறக்குறைய 42 பாகை, நேர்ப்பாதையில் 12 பாகை. வளைவின் ஆரம் இருபது மீட்டருக்குக் கொஞ்சம் மேலே என்று வைத்துக்கொண்டால், மணிக்குச் சுமார் 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது உங்கள் எடை முழுவதும் செங்குத்தாக மரத்துக்குள் இறங்கும், பக்கவாட்டில் இழுக்கிற விசையே இருக்காது. அந்த வேகத்தில் சரிவு சமதரை மாதிரித்தான் இருக்கும். அதைவிட மெதுவாகப் போகும்போது கீழே சரியாமல் உங்களைப் பிடித்து வைப்பது டயரின் பிடிப்பு மட்டும்தான். மணிக்கு 30 கிலோமீட்டரில்கூட அந்தப் பிடிப்பு தாராளமாகப் போதும், அதற்கும் வெகுவாகக் கீழே இறங்கினால்தான் ஆபத்து. அதனால்தான் கோச் எல்லாரும் வேகத்தைக் குறைக்காதே, மிதிப்பதை நிறுத்தாதே என்று கத்திக்கொண்டே இருக்கிறார்கள். டயரைத் துணியால் துடைக்கச் சொல்வதும் இதற்காகத்தான். வெளியே ரோட்டில் உருட்டிக்கொண்டு வந்த டயரில் ஒட்டின மண், அந்தப் பிடிப்பைத்தான் முதலில் தின்னும்.

மணிக்கு 30 கிலோமீட்டர் என்பது 250 மீட்டர் டிராக்கில் ஒரு சுற்றுக்குச் சரியாக 30 நொடி. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் பயம் பாதி போய்விடும், ஏனென்றால் ரோட்டில் ஓரளவு பழகியவர்களுக்கு எட்டக்கூடிய வேகம்தான் இது.

எனக்கு முதல் தடவை நடந்ததைச் சொல்கிறேன். டிராக் ஓரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், கோச் சீட்டுக்குப் பின்னால் கை வைத்துத் தள்ளிவிட்டார். உள்பக்கத்து நீலப் பட்டையில் நான்கு சுற்று, அப்புறம் கறுப்புக் கோட்டில் நான்கு சுற்று. வளைவுக்குள் போகும்போது வலது பக்கம் மரச்சுவர் எழும்பி நிற்கும், கண் தானாக முன்சக்கரத்தைப் பார்க்கும், அங்கே பார்த்தால் கை இறுகும், கை இறுகினால் சைக்கிள் ஆடும். வளைவு முடிகிற இடத்தைப் பார், அதைத் தாண்டிப் பார் என்று நடுமைதானத்திலிருந்து அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். பார்வையைத் தூக்கின அந்தச் சுற்றில் கை தளர்ந்தது, பலகைகளின் இணைப்பில் டயர் உருளுகிற சத்தம் அப்போதுதான் காதில் விழுந்தது. அதுவரைக்கும் என் மூச்சுச் சத்தம் மட்டும்தான் கேட்டிருக்கிறது.

எந்த கியர் கேட்க வேண்டும்?

முன்னால் உள்ள பல்சக்கரத்தில் 48 பல், பின்னால் உள்ளதில் 16 அல்லது 15. நிமிடத்துக்கு 80 தடவை மிதித்தால் 48க்கு 16இல் மணிக்கு 30 கிலோமீட்டர் வந்துவிடும். பெரிய கியர் கேட்காதீர்கள், கிளம்புவதும் வேகத்தைக் குறைப்பதும் இரண்டுமே கஷ்டமாகும்.

அந்த நாட்டு மொழி தெரியாதே, டிராக்கில் எப்படிச் சமாளிப்பது?

கோடுகளுக்கு மொழி கிடையாது, அதைப் படித்துக்கொண்டு போங்கள். எந்த நாட்டுக்குப் போனாலும் சுற்றுவது இடப்பக்கமாகத்தான், அதாவது கடிகாரத்துக்கு எதிர்த்திசையில். உள்ளே அகலமான வெளிர் நீலப் பட்டை, அது ஏறுவதற்கும் இறங்குவதற்கும், அதில் வேகமாக ஓட்டக் கூடாது. அதற்கு மேலே உள்விளிம்பிலிருந்து 20 சென்டிமீட்டரில் கறுப்புக் கோடு, டிராக்கின் நீளத்தை அளப்பது இதில்தான். 85 சென்டிமீட்டரில் சிவப்புக் கோடு. கறுப்புக்கும் சிவப்புக்கும் நடுவில் ஒருவர் முழு வேகத்தில் போய்க்கொண்டிருந்தால் அந்த இடம் அவருடையது, உள்பக்கமாக நுழைந்து முந்தப் பார்க்கவே கூடாது. இன்னும் மேலே, அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில், ஒரு நீலக் கோடு. முந்துவது எப்போதும் வலப்பக்கம். மேலே ஏறும் முன் வலது தோளுக்கு மேல் திரும்பிப் பாருங்கள், தலையைத் திருப்புவதே பின்னால் வருகிறவருக்கு ஒரு செய்தி.

பின்னாலிருந்து யாராவது கத்தினால், வார்த்தை புரியாவிட்டாலும் ஒரே அர்த்தம்தான்: இருக்கிற கோட்டிலேயே இரு. ஆங்கிலம் பேசும் நாடுகளில் ஸ்டே என்பார்கள், அமெரிக்காவில் ஸ்டிக் என்று கேட்கும். கத்தல் கேட்டதும் பயந்து கீழே இறங்குவதுதான் மிக மோசமான பதில். அந்த ஊர் மொழியில் நில், மேலே, கீழே, இன்னும் ஒரு சுற்று, இந்த நான்கு சொல்லை மட்டும் செஷனுக்கு முன் கோச்சிடம் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். உங்கள் பெயரையும் அவர் கூப்பிட வசதியாகச் சுருக்கிச் சொல்லிவிடுங்கள்.

விழுந்தால் என்ன ஆகும்?

பெரும்பாலும் தோலுரிந்து, மரத்தோடு தேய்த்ததில் எரிச்சல் எடுக்கும், சில சமயம் கழுத்துப்பட்டை எலும்பு முறியும். மர டிராக்கில் சிராய் ஏறுவது தனிப் பிரச்சினை. மலேசியாவின் அசிசுல்ஹஸ்னி அவாங்குக்கு 2011இல் மான்செஸ்டர் உலகக் கோப்பையில் விழுந்தபோது சுமார் 20 சென்டிமீட்டர் நீளமுள்ள சிராய் கெண்டைக்காலில் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் வெளியே வந்தது, அப்படியே எழுந்து பந்தயத்தை முடித்தார். நம் வேகத்தில் அவ்வளவு தூரம் போவது அரிது, ஆனாலும் சின்னச் சிராயைக்கூட ஹோட்டல் அறையில் நீங்களாகவே பிடுங்கப் பார்க்காதீர்கள், அங்கிருக்கும் முதலுதவி ஆளிடம் காட்டுங்கள்.

பயண இன்சூரன்ஸ் போதுமா?

பெரும்பாலும் போதாது, அதனால் இந்த ஒரு விஷயத்தில் சோம்பல் வேண்டாம். சாதாரண பயண இன்சூரன்ஸில் சைக்கிள் ஓட்டுவது அடங்கும் என்று போட்டிருப்பார்கள், நான்கு பக்கம் தள்ளிப் பந்தயம், வேகப் போட்டி, அதற்கான பயிற்சி அடங்காது என்றும் போட்டிருப்பார்கள். வெலோடிரோம் எந்தப் பக்கம் சேரும் என்பதை நீங்களே தீர்மானிக்காதீர்கள். மூடிய சைக்கிள் டிராக்கில், பிரேக் இல்லாத சைக்கிளில், கோச் மேற்பார்வையில் ஓட்டப் போகிறேன், இது அடங்குமா என்று எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். போனில் ஆமாம் என்று சொன்னது விழுந்த பிறகு உதவாது. உங்களால் இன்னொருவர் விழுந்து அடிபட்டால் யார் பணம் கட்டுவது என்பதையும் கேளுங்கள், அது பயண இன்சூரன்ஸில் வராமல் உங்கள் நாட்டு சைக்கிள் சம்மேளனத்தின் உறுப்பினர் காப்பீட்டில் வரக்கூடும், அது வெளிநாட்டில் செல்லுமா என்று அங்கேயும் கேட்க வேண்டியிருக்கும்.

அங்கே பந்தயத்திலும் கலந்துகொள்ளலாமா?

லைசென்ஸ் இருந்தால் கலந்துகொள்ளலாம். நீங்கள் வசிக்கும் நாட்டின் சம்மேளனம் தருகிற லைசென்ஸ் அது, ஜனவரி முதல் டிசம்பர் வரை செல்லும். வெளிநாட்டில் ஓட்டச் சம்மேளனத்தின் அனுமதிக் கடிதமும் கேட்கக்கூடும், அதற்கு நாளாகும். உள்ளூர் கிளப் நடத்தும் சின்னப் பந்தயங்களுக்கு ஒருநாள் லைசென்ஸ் கொடுப்பதும் உண்டு.

பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா?

தாராளமாக. பயம் பெரியவர்களைவிட அவர்களுக்குக் குறைவு. வயது வரம்பையும், அவர்கள் உயரத்துக்குச் சைக்கிள் இருக்கிறதா என்பதையும் முன்பே கேளுங்கள். பெற்றோரில் ஒருவர் மட்டும் கூட்டிப் போனால் மற்றவர் கையெழுத்துப் போட்ட சம்மதக் கடிதத்தைப் பல நாட்டு எல்லையில் கேட்பார்கள், டிராக்கிலும் தனியாக ஒரு கையெழுத்து வாங்குவார்கள்.

எத்தனை நாள் ஒதுக்க வேண்டும்?

இரண்டு நாள், இரண்டு செஷன். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே செஷனுக்காகப் போனவர்கள், பயந்தேன், சுற்றினேன், முடிந்துவிட்டது என்றுதான் சொல்கிறார்கள். முதல் நாள் உடம்பு முழுக்க இறுகிப் போயிருக்கும், தோளும் முன்கையும் வலிக்கும், காலைவிடக் கைதான் அதிகம் உழைத்திருக்கும். அன்று இரவு தூங்கி எழுந்து மறுநாள் அதே கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது எல்லாம் வேறு மாதிரி இருக்கும். நேற்று நீலக் கோட்டுக்கு மேலே ஏற மனமில்லாதவர் இன்று இரண்டாவது சுற்றிலேயே ஏறுவார். எனக்கும் அப்படித்தான், என்னோடு வந்தவர்களுக்கும் அப்படித்தான். எல்லை தாண்டுகிற செலவு, விசா, வரிசை எல்லாம் ஒரு செஷனுக்கும் இரண்டு செஷனுக்கும் ஒன்றுதான், கூடுவது ஓர் இரவுத் தங்கலும் இன்னொரு செஷன் கட்டணமும் மட்டும். இரண்டாவது செஷனை மறுநாள் காலையில் வையுங்கள், அன்று மாலைக்குத் தள்ளினால் திரும்புகிற நேரத்தை நினைத்துக்கொண்டே ஓட்டுவீர்கள்.

கிளம்பும் முன் அங்கே கேட்டு வாங்க வேண்டியது ஏதாவது உண்டா?

எந்தக் கட்டம் வரை முடித்தீர்கள் என்று தேதி போட்டு, கோச் கையெழுத்தோடு ஒரு தாள். வாடகை சைக்கிளின் சீட் உயரத்தையும், சீட்டிலிருந்து ஹேண்டில்பார் வரையுள்ள தூரத்தையும் டேப் வைத்து அளந்து அதே தாளின் பின்பக்கம் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த தடவை வேறு நாட்டு டிராக்குக்கு மின்னஞ்சல் எழுதும்போது முன்பக்கம் உதவும், அங்கே போய் இறங்கியதும் பின்பக்கம்.